இரு கையளவு கருப்பஞ்சாறு
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

'வேனிலும் இல்லறமும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பல்லாண்டுகள் வகுப்பறையில் பருவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்தவள் நான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதுகள் ஆறு. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பாடம் முடிந்ததும் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, "இளவேனிலுக்கு நடுவில்தானே கத்திரி வெயில் வருகிறது, எப்படி?" என்று கேட்பார். "நூல் அப்படிச் சொல்கிறது" என்று சொல்லி அமரச் செய்துவிடுவேன். ஓய்வு பெற்ற பின்னர்தான் எனக்கு விடை கிடைத்தது. நம் ஊரில் இளவேனில் திங்கள்களாக இல்லை, பொழுதுகளாக இருக்கிறது. காலை ஏழு மணி வரையிலும், மாலை ஐந்தரைக்கு மேலும் அது நம்மோடு இருக்கிறது.

அந்தப் பொழுதுகளில் எத்தனை எளிய இன்பங்கள்! விடியலில் வாசல் தெளிக்கச் சென்றால் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். பங்குனியில் தளிர்த்த புங்கமரம் சித்திரையில் முழு நிழல் தரும். ஏரிக்கரைப் பனைகளிலிருந்து இறக்கிய நுங்கு ஒரகடம் சாலையோரத்தில் குலை குலையாகக் குவிந்திருக்கும். தை மாதத்தில் விலை கேட்கவே அஞ்சிய மல்லிகை, இப்போது எளியவர் கூந்தலுக்கும் எட்டும். மாடியில் பிழிந்த வடாம் மாலைக்குள் காய்ந்துவிடும். பகலெல்லாம் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். பிற்பகலில் சென்னைக் கடற்கரையில் கரையேறும் காற்று, பொழுது சாயும் வேளையில் நம் தெருவை வந்தடையும். திண்ணையில் அமர்ந்து அதை ஏற்பவருக்கு வேறு செல்வம் அப்போது நினைவுக்கு வாராது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் தொடங்கியது. நெல் விளைந்த ஏரிப் பாசன நிலங்களிடையே இன்று சிப்காட் சாலைகள் செல்கின்றன. ஊர் மாறியது, ஆயினும் நான் மேலே சொன்னவற்றுள் எதுவும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவற்றை நுகரும் நேரம்தான் நம்மிடம் குறைந்துவிட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். துறவையும் நோன்பையும் போற்றும் சமண அறம் இவ்வின்பங்களுக்கு இடம் தருமா? தருகிறது. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. உணவு, மலர் போல ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். ஆடை, அணி, இல்லம் போல மீண்டும் மீண்டும் நுகரத்தக்கது உபபோகம். பரிமாணம் என்றால் அளவு. 'நுகராதே' என்று அவ்விரதம் இல்லறத்தாரைத் தடுக்கவில்லை. 'அளவு வகுத்துக்கொள்' என்கிறது. இன்றைய திருநாளும் அளவைப் பற்றிய திருநாளே.

ஆதிபகவன் விருஷப தேவரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து மண்டப விதானத்திலும் அவ்வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. அரசு துறந்த அப்பெருமான் ஆறு திங்கள் உண்ணாநோன்பு ஏற்று, அதன்பின் உணவு ஏற்க ஊர் ஊராகச் சென்றார். மக்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பொன் கொண்டு வந்தனர். மணி கொண்டு வந்தனர். யானையும் குதிரையும் பட்டாடையும் கொண்டு வந்தனர். துறவிக்கு வேண்டுவது ஒரு வேளை உணவு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வாறு ஓராண்டுக்கு மேலும் கடந்தது. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறப்பில் முனிவர்க்கு உணவளித்த முறையை நினைவு கூர்ந்து, கருப்பஞ்சாற்றை வார்த்தான். பெருமான் நின்றபடியே தம் இரு கைகளில் அதனை ஏற்றருளினார். வைகாச வளர்பிறைத் திருதியையில் நிகழ்ந்த அந்தக் கொடையால்தான் இந்நாள் 'குன்றாத' திருதியை ஆயிற்று.

அதே நாளில் இன்று தமிழகமெங்கும் பொன் வாங்கக் கூட்டம் கூடுகிறது. பிறரைக் குறை சொல்ல இதனைக் கூறவில்லை. என் குறையைச் சொல்லவே கூறுகிறேன்.

சென்ற ஆண்டு இதே அட்சய திருதியை. பிற்பகல் ஒரு மணி இருக்கும். இரண்டாம் முறை வேலைக்குச் செல்லும் பேருந்துக்காக எங்கள் தெருமுனையில் இளைஞர்கள் நிற்பார்கள். அங்கே நிழற்குடை இல்லை. அவர்களுள் மூவர் என் வாயிற்கதவருகே வந்து, கைகளைக் குவித்து, "பானி" என்று கேட்டனர். மறுநாள்தான் தண்ணீர் லாரி வரும். ஒருமுறை கொடுத்தால் நாளும் வருவார்களே என்றும் எண்ணினேன். "தண்ணீர் இல்லை" என்று கையசைத்துவிட்டேன். அடுக்களையில் இரண்டு குடங்கள் நிறைந்திருந்தன. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றனர். மாலையில் நான் கடைக்குச் சென்று ஒரு கிராம் பொற்காசு வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆதிநாதர் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இடைமறித்து, "பாட்டி, அத்தனை பேருக்கும் சாப்பாடு கொடுக்கக்கூடவா தெரியாது?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. குவித்த கைகள் மூன்று இணை என் கண்முன் வந்தன. பொய்யாமையும் கொடையும் ஒரே சொல்லில் என்னிடம் தவறிப்போயின.

மறுநாள் இரண்டு மண்பானைகள் வாங்கிப் புங்கமர நிழலில் மணல் பரப்பி வைத்தேன். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தையும் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காற்று வறண்டிருக்கும் நண்பகலில்தான் அது நன்கு குளிரும். எப்போது தேவையோ அப்போது குளிர்கிறது! மடித்த வெண்துணியால் வடிகட்டி நீர் நிரப்புகிறேன். உயிர்கள் விழாதிருக்கத் தட்டால் மூடுகிறேன். தண்ணீர்ப் பந்தல் நமக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அதற்கு விடப்பட்ட கொடைகள் பதிவாகியுள்ளன.

முதல் மூன்று நாள்கள் எவரும் பானையைத் தொடவில்லை. 'இல்லை' என்ற வீட்டின் தண்ணீரை எப்படித் தொடுவார்கள்? நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெண், 'குடிநீர்' எனத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். அன்று மூன்று மணிக்குள் இரு பானைகளும் வறண்டன. இப்போது நாளொன்றுக்கு ஐந்து குடம் செல்கிறது. அரிசி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றி அந்த அளவை ஈடுசெய்யப் பழகிக்கொண்டேன். குடிப்பவர்கள் போகும்போது தட்டை மூடிவிட்டே போகிறார்கள். நான் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. உள்ளே அமர்ந்து அந்தத் தட்டு பானைமேல் படியும் ஓசையைக் கேட்பது, இவ்வேனிலில் நான் கண்டுகொண்ட இன்பம். நுங்கும் மல்லிகையும் அதற்குப் பின்னர்தான். அந்த மூவரும் மீண்டும் வந்தனரா என்பது எனக்குத் தெரியாது. அன்று அவர்களுடைய முகங்களை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பெருமக்களே! உணவு, மருந்து, நூலறிவு, அடைக்கலம் என நால்வகைக் கொடைகளை நம் அறம் வகுத்துள்ளது. அவற்றைச் செய்யச் செல்வர்களாக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வேலைப் பேருந்து நிற்கும் இடங்களுக்கு அருகில் நம்மவர் வீடுகளும் கடைகளும் பல உள்ளன. இன்று தொடங்கி ஆடி முடியும் வரை, ஒவ்வொரு வாயிலிலும் மூடிய பானை ஒன்றும், மாடியில் பறவைகளுக்கு அகன்ற மண்சட்டி ஒன்றும் வைப்போம். பொன் வாங்குவோர் வாங்குக. கடைக்குப் புறப்படும் முன் வாயிற்பானை நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் செல்க. இதுவே என் வேண்டுகோள்.

வெளியே கரும்பு ஆலையின் சலங்கை ஒலி கேட்கிறது. வண்டிக்காரத் தம்பி நம் வழக்கம் அறிந்தவர். இஞ்சி சேர்க்காமல், எலுமிச்சை மட்டும் பிழிந்து, வடிகட்டி வைத்திருக்கிறார். கதிரவன் மறைய இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அனைவரும் ஒரு குவளை அருந்திச் செல்லுங்கள். பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளையும் அழைத்து முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்.

வாழ்க அறம்!