அக்காள் கையை விடாத தம்பி
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவில் ஒரு வீட்டை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து வந்த கார் வாசலில் நிற்கிறது. இரண்டு பிள்ளைகள் இறங்குகிறார்கள். அக்காளுக்கு ஏழு வயது, தம்பிக்கு நான்கு. பெற்றோரை இழந்து, வேறொரு நாட்டின் காப்பகத்தில் வளர்ந்தவர்கள். இன்று முதல் இதுதான் அவர்கள் வீடு.

ஆரத்தி எடுக்கிறார்கள். உறவினர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவர் படம் எடுக்கிறார், ஒருவர் மிட்டாய் நீட்டுகிறார். பெரியம்மா ஒருவர் ஆசையோடு சிறியவனைத் தூக்கப் போகிறார். அவன் வீறிட்டு அலறி, அக்காளின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறான். "இவ்வளவு ஆசையாய்க் கூப்பிடுகிறோம், முகம் கொடுக்க மாட்டேன் என்கிறானே!" என்று ஒரு குரல் எழுகிறது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. வெளிநாட்டிலிருந்து உடன்பிறந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. பெரியவர்களுக்கு அது கொண்டாட்ட நாள். பிள்ளைகளுக்கோ, தெரிந்த முகம், தெரிந்த மொழி, தெரிந்த சோறு அத்தனையும் ஒரே நாளில் காணாமற்போன நாள். எஞ்சி இருப்பது அந்த ஒரு கை மட்டும்தான். அதை எப்படி விடுவான்?

பேராக் மாநிலத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, பீடோர் என்று ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த இந்த மண்ணில், 1940களிலும் 1950களிலும் சீனப் பெண் குழந்தைகளைத் தமிழர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். வறுமை, ஜப்பானியர் காலத்துப் பஞ்சம், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின் அலைக்கழிப்பு, ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம், பிறந்த நேரம் சரியில்லை என்ற நம்பிக்கை எனக் காரணங்கள் பல. சீனாவிலிருந்து பிழைக்க வந்த தாயின் பிள்ளை, இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் லயத்து வீட்டில் வளர்ந்தாள். காது குத்தினார்கள், தமிழ்ப் பெயர் வைத்தார்கள். தாய் பால்மரம் சீவப் போனபோது ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் மற்றப் பிள்ளைகளோடு அவளும் தூங்கினாள். முகம் சீன முகம், பேச்சு தோட்டத்துத் தமிழ்! இன்றும் பேரன் பேத்திகளோடு வாழும் அத்தகைய பாட்டிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்துத் தாய்மார்கள் எந்த உளவியல் புத்தகத்தையும் படித்தவர்கள் அல்லர். ஆனால், ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். வந்த பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஒரே மடி, ஒரே மணம், ஒரே தாலாட்டு. குழந்தைக்குப் பற்று வளர அதுவே போதுமானதாக இருந்தது.

அவர்களில் பலர் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. உண்மையை மறைத்தார்கள், பத்திரங்களைக் கவனிக்காமல் விட்டார்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது கேள்வி பிறந்தது. சரியான பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, இந்த நாட்டிலேயே பிறந்திருந்தும், குடியுரிமைக்காக அலைய நேர்ந்தது. இந்த இரண்டு பாடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய வீட்டுக்குத் திரும்புவோம்.

முதல் நாள் இரவு. இருவருக்கும் தனித்தனி அறை, புதிய கட்டில், புதிய போர்வை எல்லாம் தயார். காலையில் பார்த்தால் இருவரும் ஒரே கட்டிலில் சுருண்டு கிடக்கிறார்கள். அவர்களைப் பிரிக்க வேண்டாம். காப்பகத்தில் அப்படித்தான் தூங்கினார்கள். அவர்கள் அணிந்து வந்த பழைய உடையையும் உடனே துவைக்கவோ வீசவோ வேண்டாம். அதில் அவர்களுக்குப் பழகிய மணம் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம். தாய் சோறு ஊட்டப் போனால் சிறியவன் வாயைத் திறப்பதில்லை. அக்காள் ஊட்டினால் சாப்பிடுகிறான். தாய்க்கு மனம் சுருங்கிப் போகிறது. ஆனால், அந்த ஏழு வயதுப் பெண்தான் இத்தனை நாளும் அவனுக்குத் தாயாக இருந்தவள். அந்தப் பொறுப்பை ஒரே நாளில் பறித்தால், "இனி நீ தேவையில்லை" என்று அவளிடம் சொல்வதாகிவிடும். முதலில் அவளோடு சேர்ந்து ஊட்டுங்கள். சில வாரங்களில் அவளே கரண்டியைத் தாயிடம் கொடுத்துவிட்டு விளையாட ஓடுவாள். அன்றுதான் அவளும் மறுபடி குழந்தையாகிறாள்.

தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு கிடைக்கும். அதைத் திருட்டு என்று எண்ணி அதட்டக் கூடாது. நாளைக்குச் சோறு உண்டா என்று தெரியாமல் வாழ்ந்த பிள்ளையின் முன்னெச்சரிக்கை அது. எட்டும் இடத்தில் வாழைப்பழமும் ரொட்டியும் எப்போதும் இருக்கட்டும். தட்டு காலியாவதில்லை என்று அறிந்தபின் ஒளித்து வைப்பது மெல்ல மெல்லக் குறையும்.

அடுத்தது மொழி. பிள்ளைகள் தமிழ் கற்கும் முன்பு, பெற்றோர் அவர்கள் மொழியில் பத்துச் சொற்களையாவது கற்க வேண்டும். தண்ணீர், பசி, வலி, பயம், தூக்கம், கழிவறை, போதும், வா, அக்காள், தம்பி. நள்ளிரவில் விழித்து அழும் பிள்ளைக்குத் தன் மொழியில் ஒரு சொல் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! பெயரையும் மாற்ற அவசரம் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளை கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அது.

முதல் சில வாரங்களுக்கு விருந்தும் வேண்டாம், ஊர்வலம்போல் உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்வதும் வேண்டாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது ஆகியவற்றைப் பெற்றோரே செய்ய வேண்டும். மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி, பல், இரத்தசோகை, காசநோய்ப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம்.

"பிள்ளை ரொம்பச் சமத்து, அழுவதே இல்லை" என்று சொல்லி மகிழ்வோர் உண்டு. அந்த அமைதி சில வேளைகளில் பயத்தின் மறுபெயர். சில வாரம் கழித்து அதே பிள்ளை பொருள்களை வீசி அழும்போது பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். அழுதாலும் இந்த வீட்டிலிருந்து துரத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை பிறந்ததற்கு அதுவும் ஓர் அடையாளமாக இருக்கலாம்.

பாசம் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் உடனே வந்துவிடாது. "ஆசைப்பட்டுக் கூட்டி வந்தோம், ஏன் இந்தச் சலிப்பு?" என்று இரவில் அழும் தாய்மார்கள் உண்டு. பெற்ற தாய்க்கே பிரசவத்துக்குப்பின் மனச்சோர்வு வருகிறதே! இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கணவரிடமும் மருத்துவரிடமும் மனம் விட்டுப் பேச வேண்டும்.

இனிச் சட்டம். மேற்கு மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் பொருந்தும். நீதிமன்ற ஆணைக்கு முன் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து பெற்றோரின் பராமரிப்பில் இருக்க வேண்டும். ஆணை கிடைத்தால் பெற்ற பிள்ளைக்குள்ள சொத்துரிமை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அதே 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் வேறு. அதற்கு இரண்டு ஆண்டுப் பராமரிப்பு வேண்டும். ஆனால், அது சொத்துரிமை தராது.

பலர் அறியாத முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தத்தெடுத்ததால் மட்டும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை மலேசியக் குடிமகன் ஆகிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது அரசாங்கத்தின் விருப்புரிமை. அதோடு, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்துள்ளன. ஆகவே, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இரு நாட்டு வழக்குரைஞர்களையும் சமூக நல இலாகாவையும் அணுக வேண்டும். பிள்ளை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்று தோட்டத்தில் நடந்த அதே தவறு.

பத்திரம் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சி. 1980களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பலரின் ஆவணங்கள் போலியானவை எனப் பின்னர் தெரிந்தது. வளர்ந்த பிள்ளைகள் பெற்ற தாயைத் தேடிப் போனபோது, பத்திரத்தில் இருந்த பெயருக்குரிய பெண் தாயே அல்ல! இத்தகைய முறைகேடுகளால் 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது.

உண்மையை எப்போது சொல்வது? மணிரத்னம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், ஒன்பதாவது பிறந்த நாளில் அந்தச் சிறுமிக்கு உண்மை சொல்லப்படுகிறது. அவள் உலகமே ஆடிப்போகிறது. உண்மைக்கு ஒரு நாள் குறிக்கத் தேவையில்லை. முதல் நாளிலிருந்தே அது வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். காப்பகத்தின் படம், வந்த நாளின் விமானச்சீட்டு, அந்தப் பழைய உடை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

வாசலில் நிற்கும் அந்தத் தம்பியை மறுபடி பாருங்கள். அக்காளின் கையை விடச் சொல்லி அவனைக் கெஞ்ச வேண்டாம். அவனுக்கு இன்னொரு கை இருக்கிறது. அது காலியாகத்தான் இருக்கிறது. அவன் உயரத்துக்குக் குனிந்து, கையை நீட்டிக் காத்திருங்கள். நாளாகலாம், மாதமும் ஆகலாம். ஒரு நாள் அவனே வந்து பற்றிக்கொள்வான்.