பாடலை மக்களுக்குத் தந்த வழக்குரைஞர்



பத்தாம் ஆண்டு விழாவில் ஓர் அரசியலாளரைப் பற்றிப் பேச ஏன் விழைந்தேன் என்று சிலர் வினவினர். கவிஞன் பாடல் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஆட்சியிலிருந்து விடை தேடியவர் தி. சு. அவினாசிலிங்கம், அதுவே காரணம்.

1903இல் திருப்பூரில் பிறந்தவர். சென்னையில் சட்டம் பயின்றார். வழக்குமன்றம் அவரை நெடுநாள் பிணித்து வைக்கவில்லை. விடுதலைப் போர் சிறைக்கு அழைத்தது. 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயம் கண்டார். நடுவண் சட்டமன்றத்தில் பணியாற்றியபின், 1946இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார்.

அமைச்சராயிருந்தது மூன்றாண்டே. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு வழிவகுத்தவர், ஆணை மட்டும் போதாது என்பதை உணர்ந்திருந்தார். அறிவியலைத் தமிழில் சொல்ல ஆசிரியர் கையில் நூல் வேண்டுமே! 1946இலேயே தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வந்தபோது அவர் அமைச்சரல்லர். பதவியோடு பணியையும் விட்டிருந்தால் அந்நூல் நமக்கேது? காஞ்சித் தறிவீடுகளிலிருந்து வரும் என் மாணவியர்க்கு அத்தொகுதிகளை இன்றும் எடுத்துக்காட்டுகிறேன். செய்திகள் பழையன, சொல்லாக்க முறை பழையதாகவில்லை.

இனிப் பாரதியிடம் வருவோம். அவர் நூல்களின் உரிமை தம்பி சி. விசுவநாதனிடமும், இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பனிடமும் இருந்தன. விடுதலையைப் பாடியவன் பாட்டைத் திரையில் பாட ஒருவர் இசைவு வேண்டியிருந்தது. எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் குரல் எழுப்பினர். 1949இல் ஓமந்தூரார் அமைச்சரவை, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராயிருக்க, அவ்வுரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் பொருள் பெறாமலே வழங்கினார். ஆனால் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது 1955இல்தான். அந்த ஆறாண்டுத் தாமதத்தை என்னால் பாராட்ட இயலாது.

இன்று பாரதியை எவரும் அச்சிடலாம். பிழை மலிந்த பதிப்புகளும் வருகின்றன. திருத்துவது தமிழாசிரியர் கடன். உரிமையைப் பூட்டிவைத்தலினும் இது மேல்.

பின்னாளில் பலர் படைப்புகள் நாட்டுடைமையாயின. குடும்பத்தார்க்கு அரசு தொகை வழங்கியது. ஆயினும் பாரதியைப்போல் எல்லார்க்கும் அரசு முன்வரும் என எதிர்பார்க்க இயலாது. நம் வட்டத்துக் கவிஞர்களுள் எத்தனைபேர், தமக்குப்பின் நூலுரிமை யாருக்கு என எழுதிவைத்துள்ளோம்? விழாக்குழுவினர் இவ்வாண்டே அதற்கொரு பதிவேடு திறக்க வேண்டுகிறேன். முதல் பக்கத்தில் என் பெயரையும் என் இரு நூல்களையும் எழுதிக்கொள்ளலாம்.