லயம்: சுண்டெலி முளையத்தின் முதுகுக் கடிகாரம்

கண்டி நகரிலிருந்து பேராதனைக்கு நாலு மைல். 1883இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் இலங்கைக்கு வந்து, பேராதனைப் பக்கத்து ஈர மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். இரத்தினக் கல்லுக்கு மண் தோண்டும் நாட்டில் அவர்கள் தேடியது முட்டை. இலங்கைப் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் படிக்கும் இக்தியோபிஸ் என்ற காலில்லா ஈரூடகவாழியின் முட்டை. மண்வெட்டியில் அகப்படும் அந்தப் பிராணியைப் பெரிய மண்புழு என்று சிலர் தள்ளிவிடுவார்கள். பாம்பென்று பயந்து பலர் அடித்துவிடுவார்கள். அது வளைக்குள் தன் முட்டைக் குவியலைச் சுற்றிச் சுருண்டு கிடந்து காப்பதைச் சரசின்கள் விரிவாக எழுதினார்கள். முட்டைக்குள் உடல் உருவாகும் கட்டங்களைப் படம் படமாகக் காட்டிய அவர்களின் நூல் 1887 முதல் 1890 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

இக்தியோபிஸின் முள்ளந்தண்டில் நூற்றுக்கு மேற்பட்ட முள்ளென்புகள். மனிதனுக்கு 33. சுண்டெலிக்கு வாலோடு சேர்த்து 60 அளவில். சின்னஞ்சிறு முளையத்துக்குள் இந்தக் கணக்கை வைத்திருப்பது யார்? சரசின்களிடம் இருந்தவை கத்தியும் நுணுக்குக்காட்டியும் மட்டுமே. விடை கிடைக்க இன்னும் நூறு வருடம் பிடித்தது. அதைச் சொன்னவை பெரும்பாலும் கோழியும் சுண்டெலியும். சுண்டெலி இருபது நாளளவில் குட்டி போடும். அதன் பரம்பரையலகுகளை வேண்டியபடி வெட்டியும் மாற்றியும் பார்க்கலாம்.

மலையகத்தில் லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு: ஒரே கூரை, ஒரே அளவு, காம்பராவுக்குப் பக்கத்தில் காம்பரா. கச்சேரி மேடையில் லயம் என்றால் காலக் கணக்கு. சொற்பிறப்பில் இரண்டுக்கும் உறவுண்டா என்பது அகராதிக்காரர் பாடு. சுண்டெலி முளையத்தில் உறவுண்டு. அங்கே இரண்டாவது லயம்தான் முதலாவதைக் கட்டுகிறது.

கருவுற்று எட்டு நாளளவில், முளையத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கலங்கள் இரண்டு பட்டிகளாகத் திரண்டு நிற்கும். அவற்றின் தலைப்பக்க நுனியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சோடித் துண்டம் பிரியும். 65 சோடி அளவில் வந்ததும் வேலை முடிந்தது. முள்ளென்பு, விலா, முதுகுத் தசை எல்லாம் இவற்றிலிருந்துதான். ஒரு துண்டத்துக்கு ஒரு முள்ளென்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் சேர்ந்தே ஒரு முள்ளென்பு ஆகும்.

தவளை முளையத்தை ஆராய்ந்த ஜொனதன் குக், கணிதவியலாளர் கிறிஸ்டோபர் சீமன் இருவரும் 1976இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள். கலங்களுக்குள் ஒரு கடிகாரம் அடிக்கிறது. தலையிலிருந்து வாலை நோக்கி ஓர் எல்லைக்கோடு நகர்கிறது. மணி அடிக்கும்போது கோடு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சுவர் எழும்புகிறது. 21 வருடம் அது தாளிலேயே கிடந்தது. 1997இல் பிரான்சில் ஒலிவியே பூர்கியேயின் குழு, கோழி முளையத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை எரிந்து அணையும் ஒரு பரம்பரையலகைக் கண்டது.

சுண்டெலியில் இந்தக் கடிகாரத்தின் ஊசல் ஹெஸ்-7 என்ற பரம்பரையலகு. கியோட்டோவில் ரியோய்ச்சிரோ ககெயாமாவின் ஆய்வுகூடம் அதைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தது. பொறிமுறை எளியது. ஹெஸ்-7 ஒரு புரதத்தைச் செய்விக்கும். அந்தப் புரதம் திரும்பி வந்து ஹெஸ்-7இன் வாயையே அடைக்கும். இருபது நிமிடமளவில் புரதத்தில் பாதி அழிந்துபோகும். வாய் மறுபடி திறக்கும். அழிவதற்கு அரை மணியாகும்படி ஒரு விகாரத்தைப் புகுத்தினால், முதற் சில துண்டங்களுக்குப் பிறகு வரிசை குலைகிறது. பத்து நிமிடம்கூட இல்லாத வித்தியாசம்!

அதைவிட வியப்பானது 2011இல் வந்தது. பரம்பரையலகுக்குள் இன்ட்ரோன் எனப்படும் இடைச்செருகல்கள் உண்டு. கலம் அவற்றைப் பிரதியெடுத்து, பின்பு வெட்டி எறியும். வெறும் குப்பை என்று பலர் நினைத்த பகுதி. ஹெஸ்-7இலிருந்து அவற்றை முழுவதும் நீக்கியபோது ஊசல் நின்றுவிட்டது, முள்ளந்தண்டும் உருக்குலைந்தது. பிரதியெடுக்கவும் வெட்டவும் ஆகும் 19 நிமிடத் தாமதமே கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. மூன்றில் இரண்டை மட்டும் நீக்கியபோது கடிகாரம் வேகமாக ஓடி, கழுத்திலும் மேல் நெஞ்சிலும் முள்ளென்புகள் கூடின. 2013இல் வெளியான அந்த முடிவு, லயமே எண்ணிக்கையை வைக்கிறது என்பதற்கு நேரான சான்று.

பாம்புக்கு முந்நூறு முள்ளென்பு எப்படி வந்தது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. சோளப்பாம்பின் முளையத்தில் 300க்கு மேற்பட்ட துண்டங்கள். உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடிகாரம் மிக விரைவாக அடிக்கிறது; ஆகவே துண்டங்கள் சிறியவை, பல. மனிதக் கலத்தில் அதே கடிகாரம் ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு முறைதான் அடிக்கும். மனித ஹெஸ்-7ஐச் சுண்டெலிக் கலத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். அது ஏறக்குறையச் சுண்டெலி நேரத்திலேயே ஓடியது.

எந்தக் காம்பராவில் யார் குடியிருப்பது என்பது வேறு இலாகா. அதை ஹொக்ஸ் பரம்பரையலகுகள் பார்த்துக்கொள்கின்றன. ஹொக்ஸ்-10 கூட்டத்தை முழுதாக நீக்கிய சுண்டெலிகளுக்கு இடுப்பிலும் விலா முளைத்தது.

கடிகாரம் தவறினால் என்ன ஆகும் என்பது சுண்டெலியோடு நிற்கவில்லை. டெல்டா-3 என்ற பரம்பரையலகு கெட்டால் சுண்டெலியின் உடல் குறுகிப்போவது 1998இல் தெரிந்தது. இரண்டே வருடத்தில், விலாவும் முள்ளந்தண்டும் கோணிப் பிறக்கும் குடும்பங்களிலும் அதே குறை கண்டுபிடிக்கப்பட்டது. ஹெஸ்-7 விகாரமும் 2008இல் மனிதரிடம் கண்டறியப்பட்டது. அதன் ஒரு பிரதி மட்டும் கெட்ட சுண்டெலி முளையத்துக்குச் சில மணித்தியாலம் ஒட்சிசன் குறைந்தால் முள்ளென்புகள் மேலும் சிதைவதை 2012இல் சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆயிரம் பிறப்பில் ஒன்று என்ற அளவில் பிள்ளைகள் கோணிய முள்ளந்தண்டோடு பிறக்கிறார்கள். கிரகணத்தன்று தாய் வெளியே போனதால் வந்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மனித முளையத்தில் துண்டங்கள் பிரிவது கருவுற்ற மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை. தான் கர்ப்பமென்பதே பல தாய்மாருக்கு அப்போது தெரியாது. இதை வாசிப்பவரின் ஊரில் அப்படியொரு பிள்ளை இருந்தால், தாயிடம் குற்றம் தேடாமல், பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கோ அழைத்துப்போகச் சொல்லுங்கள். முதுகோடு சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பரிசோதிக்கக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைகள் பலருக்கு அவற்றிலும் கோளாறு இருப்பதுண்டு.