காட்டத்தகும் மதிப்பெண்ணும் காட்டாது விடத்தகும் மதிப்பெண்ணும்

(எண்ணூரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் மக்களையுடைய பெற்றோர் பலர் எம்மிடம் வினவுவது ஒன்றுண்டு. "பிள்ளை நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறான், மதிப்பெண் நடுத்தரமாக வந்திருக்கிறது, அதனைக் கல்லூரி விண்ணப்பத்திற் காட்டுவதா, விடுவதா?" என்பதே அது. கடலோடு வாழும் நம்மவர் காற்றும் நீரோட்டமும் பாராது படகு இறக்குவதில்லை. அவ்வாறே இங்கும், நாம் புகவிரும்பும் வாயில் எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அவ்வாயில்கள் மூவகைப்படும்.

முதலாவது, கட்டாயமாகக் கேட்கும் வாயில். மருத்துவக் கல்விக்குத் தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வு இன்றியமையாததாயிற்று. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற் பொறியியல் பயிலப் புகுவார்க்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு வேண்டும். ஈண்டு நம் விருப்பத்திற்கு இடமில்லை.

இரண்டாவது, கேளாத வாயில். தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. அரசின் பொறியியற் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 ஆக 200க்கே கணக்கிடுகின்றனர். அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கு 2021 முதல் நூற்றுக்கு 7.5 இடம் தனியே உண்டு. வியாசர்பாடி அரசு கலைக் கல்லூரிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். இவ்வாயிலிற் புகவேண்டிய பிள்ளையைப் பள்ளிப் பாடத்தைக் கைவிடச் செய்து, தாயின் நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்புதல் பெரும் பிழையாம்.

மூன்றாவது, நம் விருப்பத்திற்கு விடும் வாயில். தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஜே.இ.இ. மதிப்பெண்ணையேனும், பள்ளி மதிப்பெண்ணையேனும், தாம் நடத்தும் தேர்வையேனும் ஏற்கின்றன. அமெரிக்க நாட்டில் பௌடின் கல்லூரி 1969லேயே இவ்விருப்பத்தை மாணவர்க்கு அளித்தது. 2020இற் பரவிய பெருந்தொற்றின்போது கல்லூரிகள் மிகப்பல அதனைப் பின்பற்றின. ஆயினும் டார்ட்மத் கல்லூரி ஆசிரியர் ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. எளிய குடும்பத்து மாணவர் பலர், தமக்கு நன்மை செய்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையும் போதாதென்று கருதி அனுப்பாது விட்டனர். அதன் பின்னரே, தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அக்கல்லூரி 2024இல் அறிவித்தது.

அன்பர்காள்! இச்செய்தி நமக்கே உரியதென்க. "நாம் எண்ணூர்க்காரர், நம் பிள்ளையின் மதிப்பெண்ணை யார் மதிப்பர்?" என்னும் தாழ்வெண்ணம் நம் வீடுகளில் இன்றும் நிலவுகின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு நாணுதல் வேண்டா. அக்கல்லூரியில் சென்ற ஆண்டு இடம் பெற்றவர் எவ்வளவு பெற்றனர் என்பதைக் கேட்டறிந்து, அதனோடு ஒப்பிடுக. அவ்வளவிற்கு ஒத்தோ மிகுந்தோ இருப்பின் தயங்காது காட்டுக. குறைந்து, பள்ளி மதிப்பெண் சிறந்து நிற்குமாயின் அதனையே முன்வைக்க. விதி இடங்கொடுக்கும்போது காட்டாது விடுதல் பொய்யாகாது. ஆனால், "தேர்வு எழுதினையோ?" என்று விண்ணப்பம் நேரே வினவின் மெய்யே கூறுதல் வேண்டும்.

குறைந்துவிடுமோ என்றஞ்சித் தேர்வையே எழுதாது விடுதலும் தகாது. ஜே.இ.இ. மெயின் தேர்வு ஆண்டிற்கு இருமுறை நடைபெறுகின்றது. இரண்டும் எழுதினார்க்கு உயர்ந்ததே கொள்ளப்படும். 2021 முதல் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கின்றது. ஆதலின் முயன்று பார்ப்பதால் வரும் இழிவு யாதுமில்லை.

பெற்றோர்க்கு யாம் செய்யும் வேண்டுகோள் இதுவே: விண்ணப்பம் அனுப்புமுன் கல்லூரியின் விளக்கக் குறிப்பை வாங்கிப் பிள்ளையோடு ஒருங்கிருந்து படியுங்கள். படிக்க இயலாதார் அதனைச் சங்கத்திற்குக் கொணர்க. கற்ற இளைஞர் அதனைப் படித்துப் பொருள் கூறுதலைத் தம் கடமையாகக் கொள்க. ஒரு தாளைச் சரிவரப் படியாமையால் நம் பிள்ளை ஒருவனும் ஒருத்தியும் கல்லூரி வாயிலினின்று திரும்புதல் கூடாது.

வளர்க கல்வி! வாழ்க நம் சமூகம்!