களையும் கணிப்பொறியும்

களையை அழிப்பது வேறு. களையின் விதையை ஒழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மேலை ஆத்திரேலிய உழவர்க்குக் கணக்கிட்டுக் காட்டுவது ‘இரிம்’ என்னும் மென்பொருள்.

அங்குக் கோதுமை வயல்களில் மண்டுவது இரைகிராசு என்னும் புல். ஒரே வகைக் களைக்கொல்லியை மீண்டும் மீண்டும் தெளித்தமையால், அதற்கு மடியாத புல்லே எஞ்சிப் பெருகிற்று. தெற்கு ஆத்திரேலியாவில் 1982-இலேயே இஃது அறியப்பட்டது. பின்னர், மேலை ஆத்திரேலியப் பல்கலைக்கழக வேளாண் பொருளியல் அறிஞர் தேவிடு பானெல் முதலானோர் இம்மென்பொருளை ஆக்கினர்.

உழவர் தம் வயலின் களைச்செறிவையும், பயிர்ச்சுழற்சியையும், விலை செலவுகளையும், களையடக்கும் முறைகளையும் பதிவர். பத்தாண்டில் எவ்வளவு புல் எஞ்சும், எவ்வளவு ஊதியம் கிட்டும் என மென்பொருள் காட்டும். இவ்வாண்டு மலிவான வழி பின்னர்ப் பேரிழப்பாய் முடிதலையும் காணலாம். இப்புல்லின் விதை மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திராது. ஆகவே, அறுவடையிலேயே பதரோடு களைவிதையைத் திரட்டி எரித்துச் சில ஆண்டுகள் காப்பின், களை குன்றும்.

ஆயினும், பதித்த எண் பிழையாயின் விடையும் பிழையே. வயலில் இறங்கிக் களையை எண்ணாதார்க்கு எக்கருவியும் உதவாது. கணக்கிடுதல் கருவியின் வேலை. முடிவெடுத்தல் உழவரின் கடன்!