இழுத்தெடுத்த முகம்



வயலை உழும் டிராக்டரும் சுவரில் மாட்டியிருக்கும் போர்ட்ரெய்ட்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இரண்டுக்கும் வேர், 'இழு' என்று பொருள்படும் 'டிராஹெரெ' என்ற லத்தீன் வினை. அதன் முன்னால் 'ப்ரோ' சேர்ந்தபோது, உள்ளே இருப்பதை வெளியே இழுப்பது என்ற பொருள் பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழி அதை வரைதலுக்குப் பெயராக்கியது. 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் புகுந்தது. இத்தாலியரின் 'ரித்ராத்தோ', ஸ்பானியரின் 'ரெத்ராத்தோ' எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதாம்.

தமிழுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. இங்கேயும் கோடு 'இழுக்கிறார்கள்'. 'படம்' என்ற சொல் முன்பு துணியைக் குறித்தது. சித்திரம் எழுதிய சீலை படமானது; பிறகு சித்திரமே படமாகிவிட்டது. படத்திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுக்கிறார், துணி விலகுகிறது, முகம் வெளியே வருகிறது. இரண்டு சொற்களின் கதையும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது!

வெளியே வரும் முகம் யாருடையது? அதுதான் கேள்வி.

லண்டனில் 1856இல் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதன் சேகரிப்பில் முதல் எண் பெற்ற படம் ஷேக்ஸ்பியருடையது என்று போற்றப்படுவது. ஆனால் அந்த முகம் அவருடையதுதான் என்பதற்கு முடிவான சான்று இன்றுவரை இல்லை.

இதற்கு நேர்மாறாக, முகம் இருந்தும் பெயர் இல்லாதவர்களைக் காண எகிப்தின் ஃபாயூம் பகுதிக்குப் போவோம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர் ஆட்சியில், இறந்தவரின் முகத்தை மரப்பலகையில் எழுதி, உடலைச் சுற்றிய துணிக்கட்டில் முகத்துக்கு நேராகப் பதித்தார்கள். பல படங்களில் வண்ணத்தைக் குழைத்தது உருக்கிய தேன்மெழுகில். கருவிழியில் ஒரு துளி வெள்ளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளியால்தான் கண் இன்றும் ஈரமாகத் தெரிகிறது. காதணியும் சுருள்முடியும்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலோரின் பெயர் தெரியாது.

ஓர் இளம்பெண் விதிவிலக்கு. அதே பகுதியிலுள்ள ஹவாராவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்த அவளது படத்தில் கிரேக்க எழுத்தில் இரண்டு சொற்கள் உண்டு: 'ஹெர்மியோனி', 'கிராமட்டிகே'. முன்னது பெயர்; பின்னது எழுத்தும் இலக்கணமும் கற்றவள் என்பதற்கான பட்டம். அவள் ஆசிரியையாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இன்று அவள் இருப்பது கேம்பிரிட்ஜில், பெண்கள் படிப்பதற்கென்றே தொடங்கப்பட்ட கர்ட்டன் கல்லூரியில். அந்த இரண்டு சொற்கள் இல்லையென்றால், அவளும் பெயரற்ற அழகிய முகங்களில் ஒருத்திதான்.

நம் வீட்டுப் பரண்களில் எத்தனை ஹெர்மியோனிகள் பெயரின்றிக் கிடக்கிறார்கள்! கொள்ளுப்பாட்டியின் படம் இருக்கிறது; பெயர் சொல்லத் தெரிந்த கடைசி ஆளுக்கு எண்பது வயதாகிறது.

அன்பர்களே, இன்று இரவே அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். படத்தின் பின்புறம் பெயர், ஊர், செய்த தொழில், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.