நியாயமான கூலியும் நிம்மதியான மனமும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கூலியைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணலாம். கூலி குறைந்த வீட்டில் கல்வி நிலைப்பதில்லை என்பதை ஆசிரியப் பணியிலிருக்கும் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆதலின் அதையே பேச விழைகிறோம்.

பழவேற்காட்டு ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலையிடுவது என்பதைப் 'பாடு' என்னும் முறையால் மீனவ ஊர்கள் தமக்குள் வகுத்துக்கொண்டன. அம்முறையில் நம்மவர்க்குப் பங்கில்லாது போயிற்று. வலையிட இடமில்லாத நம் மக்களுள் பலரும் இருளர் மக்களும் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். அதுவும் கிடைக்காத நாளில் கூலி வேலை தேடிச் செல்கின்றனர்.

பிடித்த இறாலுக்கு விலை வைப்பவர் யார்? பல வேளைகளில் முன்பணம் கொடுத்தவரே. செய்த வேலைக்குக் கூலி சொல்பவர் யார்? அவரும் முன்பணம் கொடுத்தவரே. மருத்துவத்திற்கோ திருமணத்திற்கோ வாங்கிய தொகையில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு எஞ்சியது என்பது வாங்கியவருக்குத் தெரிவதில்லை. இரவில் உடல் ஓய்ந்தாலும் அந்தக் கணக்கு ஓய்வதில்லை. உறக்கம் கெடுகிறது, வீட்டில் சொல் கடுமையாகிறது, சிலரைக் குடி பற்றிக்கொள்கிறது. இதைக் கண்டு 'இவர்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஊர் பேசுகிறது. இது பொறுப்பின்மை அன்று. ஓயாத கவலையின் விளைவு.

இதற்குச் சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறிஞர்கள் ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்திலும் அதே மனிதர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தனர். பின்னதில் அவர்கள் மேலாகச் செய்தனர். மனிதர் மாறவில்லை, பணமுடை தீர்ந்தது, அவ்வளவே. கரும்பு விளைவிப்போர்க்கே இந்நிலை என்றால், அன்றாடக் கூலியை நம்பியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, நியாயமான கூலி வயிற்றை மட்டும் சார்ந்ததன்று. அதன் அளவு முன்னரே தெரிய வேண்டும்; சொன்ன நாளில் கைக்கு வர வேண்டும்; ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்தத் தெருவினருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் மனம் அமைதி பெறும்.

இது இரந்து பெறுவதும் அன்று. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்தபோது, 1946இல் கொண்டுவரப்பட்ட குறைந்தபட்ச ஊதிய மசோதா 1948இல் சட்டமாயிற்று. அதன் நெறிகள் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ இன்னும் ஆழ்ந்து நோக்குகிறது. கடனைக் காட்டி, உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையைப் பறிப்பதையும் அது கொத்தடிமை முறை என்றே கூறுகிறது. அத்தகைய கடன் செல்லாது என்றும் விதிக்கிறது. இறால் கூடையோடு நிற்கும் நம் தாய்மார்கள் இதனை அறிய வேண்டாமா?

கூலி கேட்க அச்சம் வருவது இயல்பே. கூலி உயர்வுப் போராட்டத்தையொட்டிக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. எனவேதான் எவரையும் தனியே கேட்க விடலாகாது. கழகம் உடன் நிற்க வேண்டும்.

இளைஞர்களே! தெருவுக்கு ஒருவர் முன்வாருங்கள். வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு வைத்து, நாள், வேலை, கூலி, வாங்கிய முன்பணம், கழிந்த தொகை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கணக்கில் அநீதி கண்டால், அந்த நோட்டுடன் பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்திற்கு அவர்களோடு செல்லுங்கள். எழுதி வைத்த கணக்கு இரவில் ஒருவரை உறங்க விடும். அவ்வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரும். நாம் கற்ற கல்வி நம் மக்களுக்குச் செலுத்த வேண்டிய முதற்கடன் இதுவே.

வாழ்க நம் கழகம்! வளர்க அதன் தொண்டு!